‘லிமிடெட்’ என்ற ஒரு சொல்

வணிக நிலையங்களின் பெயர்ப் பலகைகளிலும், கடிதத் தாள்களிலும், பெயருக்கு இறுதியில் ‘லிமிடெட்’ என்ற சொல் நிற்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். நம்மவர்களில் பலர் ஊர் விட்டு வந்து மும்பையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் ஜீவனம் நடத்துவது இத்தகைய ஸ்தாபனங்களை நம்பியே. சிலர் அவற்றில் சம்பளம் பெறுகின்றனர். சிலர் சேமிப்பில் ஒரு பகுதியைப் பங்குகளில் இட்டிருக்கின்றனர். வேறு சிலர் தாமே ஒரு சிறு கம்பெனியைப் பதிவு செய்து நடத்தி வருகின்றனர். ஆயினும் அந்தச் சொல்லின் பொருளை நின்று நினைப்பவர் மிகச் சிலரே. அது பெருமையைக் குறிக்கும் பட்டம் என்று எண்ணுவோரும் உண்டு. உண்மையில் அது ஓர் எச்சரிக்கை. “இந்த ஸ்தாபனத்திற்குக் கடன் கொடுக்க முன்வருவோரே, இதன் சொத்துக்கு அப்பால் வேறு எவருடைய சொத்தையும் நீங்கள் தொட முடியாது” என்பதே அதன் கருத்து. இங்கிலாந்தில் அச்சொல்லைப் பெயரோடு சேர்க்கும்படி வற்புறுத்திய நீதிபதி பிராம்வெல் பிரபு, கடன் கொடுப்போர் கண் திறந்து கொடுக்கட்டும் என்ற எண்ணத்திலேயே அதனை வற்புறுத்தினார்.

ஒரு தொழில் நொடித்துப் போனால் அந்த நஷ்டம் யார் தலையில் விழுவது? கம்பெனிச் சட்டத்தின் வரலாறு முழுவதும் இக்கேள்விக்கு மாறி மாறி அளிக்கப்பட்ட விடைகளின் வரலாறுதான்.

பண்டைக்காலத்தில் நம் நாட்டில் வணிகக் குழுக்கள் இல்லாமல் இல்லை. ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார் என்னும் பெயர்களைக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் காண்கிறோம். அவற்றை இன்றைய கம்பெனிகளின் முன்னோடிகள் என்று சிலர் பெருமிதத்துடன் எழுதுவதுண்டு. நமக்கு அது மிகையாகவே தோன்றுகிறது. அக்குழுக்கள் வணிகர்களின் ஒற்றுமைக்கும் பாதுகாப்புக்கும் அமைந்தவை. வணிகனைக் கடனிலிருந்து விடுவிக்க அமைந்தவை அல்ல. கடன் என்பது பட்டவனோடு முடிவதும் இல்லை. தந்தை பட்ட கடனைக் குடும்பச் சொத்திலிருந்து தீர்ப்பது மகனுடைய தருமம் என்று இந்து தரும சாஸ்திரம் விதித்தது. தகாத வழியில் பட்ட கடன் மட்டுமே அதற்கு விலக்கு. ஆங்கிலேயர் காலத்துக் கோர்ட்டுகளும் இவ்விதியை ஏற்று நடத்தின. 2005-ஆம் ஆண்டில் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான், புதிதாகப் படும் கடன்களைப் பொறுத்தவரை, இந்தத் தருமக் கடமையைக் காட்டி மகன்மேல் வழக்காட முடியாது என்ற நிலை வந்தது. தலைமுறை தாண்டியும் தொடரும் கடனைக் கண்டு பழகிய சமுதாயத்தில், இட்ட பணத்தோடு பொறுப்பு தீர்ந்தது என்னும் கொள்கை எவ்வளவு புதுமையாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

கூட்டு வியாபாரத்தின் விதியும் கடுமையானதே. நால்வர் சேர்ந்து தொழில் நடத்தினால், நால்வரில் ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பாளி. மூவர் கை விரித்துவிட்டால் நான்காமவரின் வீடும் நிலமும் ஏலத்திற்கு வரும். அறிமுகமானவர் நால்வராயின் இது பொருந்தும். ஆனால் ஒரு ரயில் பாதைக்கோ, நூற்பாலைக்கோ நூற்றுக்கணக்கானவர்கள் பணம் திரட்ட வேண்டுமெனில், முகம் அறியாத ஒருவரின் தவற்றுக்குத் தம் சொத்து முழுவதையும் பணயம் வைக்க யார் துணிவார்?

இந்தியாவில் இத்துறையின் முதற் சட்டம் 1850-இல் பிறந்தது. கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களின் சுப்ரீம் கோர்ட்டுகளில் கூட்டுப் பங்குக் கம்பெனிகளைப் பதிவு செய்துகொள்ள அது வழி செய்தது. பதிவு உண்டு, வரையறுத்த பொறுப்பு இல்லை. இங்கிலாந்தில் 1855-இலும் 1856-இலும் அந்தச் சலுகை அளிக்கப்பட்டதும், அதனை அடியொற்றி 1857-இல் இங்கும் சட்டம் வந்தது. அந்த ஆண்டு வடநாட்டில் பெருங்கிளர்ச்சி நிகழ்ந்த ஆண்டு. நாட்டையே ஆண்டுகொண்டிருந்த ஒரு கம்பெனியின் ஆட்சி மறு ஆண்டில் முடிவுக்கு வந்தது; 1600-ஆம் ஆண்டின் இறுதி நாளில் சாசனம் பெற்ற அந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 1874-இல் முற்றிலும் கலைந்தது. அது சாயும் தருவாயில், பிற கம்பெனிகள் எளிதில் பிறப்பதற்கு அதன் ஆட்சியிலேயே சட்டம் இயற்றப்பட்டது விந்தைதான். 1857-ஆம் ஆண்டுச் சட்டம் வங்கிகளையும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளையும் இச்சலுகையிலிருந்து விலக்கி வைத்தது. பிறர் பணத்தை வாங்கி வைப்போர் தம் முழுச் சொத்துக்கும் பொறுப்பேற்கட்டும் என்பது அன்றைய கருத்து. 1860-இல் அத்தடை வங்கிகளுக்கு நீங்கிற்று.

நீங்கிய சில ஆண்டுகளுக்குள் பம்பாயில் நிகழ்ந்தது என்ன? 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. லங்காஷயர் ஆலைகளுக்கு அங்கிருந்து பருத்தி வருவது நின்றது. நம் நாட்டுப் பருத்திக்குக் கனவிலும் காணாத விலை கிடைத்தது. பம்பாயில் வந்து குவிந்த பணம் போக்கிடம் தேடியது. வங்கிகளும், கடன் சங்கங்களும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளும் மழைக்காலத்துக் காளான்கள் போல முளைத்தன. அவற்றுள் பேக் பே கடற்கரையைத் தூர்க்கும் கம்பெனி பெயர் பெற்றது. அதன் பங்கு பல மடங்கு விலைக்குக் கைமாறியது. பிரேம்சந்த் ராய்சந்த் என்ற தரகர் கை வைத்ததெல்லாம் பொன்னாகும் என்று ஊர் நம்பியது.

பங்கு ‘லிமிடெட்’ என்றால் இட்ட பணத்தோடு பொறுப்பு முடிந்தது என்று பலரும் நினைத்தனர். ஒரு நுட்பத்தை அவர்கள் கவனிக்கவில்லை. 100 ரூபாய்ப் பங்கு ஒன்றில் 25 ரூபாய் மட்டும் கட்டியிருப்பவர், கம்பெனி கேட்கும்போது மீதி 75 ரூபாயையும் கட்டியாக வேண்டும். கம்பெனி கலைந்தாலும் அந்தப் பாக்கி கலைவதில்லை. ஆகையால் எல்லை கட்டிய தொகையில் இல்லை. கட்ட ஒப்புக்கொண்ட தொகையில் இருக்கிறது. 1865 ஏப்ரலில் அமெரிக்கப் போர் முடிவுற்றது. பருத்தி விலை சரிந்தது. பலருடைய முன்பேர ஒப்பந்தங்கள் ஜூலை முதல் நாளன்று தீர்க்கப்பட வேண்டியிருந்தன. அன்று வாங்கியவராலும் பணம் கொடுக்க இயலவில்லை, விற்றவராலும் பெற இயலவில்லை. பங்குகளைப் பிடிமானமாகக் கொண்டு கடன் கொடுத்திருந்த பம்பாய் பாங்கு, 2,850 ரூபாய்க்கு ஏறியிருந்த தன் பங்கு 87 ரூபாய்க்கு இறங்குவதைக் கண்டு, 1868-இல் கலைக்கப்பட்டது. பிரேம்சந்தும் பெரும் நஷ்டம் அடைந்தார். அவர் செல்வம் கொழித்த நாளில் பம்பாய்ச் சர்வகலாசாலைக்கு அளித்த நன்கொடையால் எழுந்த, அவருடைய தாயாரின் பெயர் தாங்கிய ராஜாபாய் கோபுரம் இன்றும் மும்பையில் நிற்கிறது. மும்பையில் வாழும் நம்மவர்கள் அக்கோபுரத்தைக் கடந்து செல்லும்போது இந்த வரலாற்றையும் நினைத்துக்கொள்ளலாம். 1866-இல் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. பின்னர் 1882-இலும் 1913-இலும் மீண்டும் விரிவாக இயற்றப்பட்டது.

எல்லையற்ற பொறுப்பு மட்டும் நம்பியவரைக் காத்ததா என்று கேட்கலாம். ஸ்காட்லாந்தில் 1878-இல் கிளாஸ்கோ நகர வங்கி முறிந்தபோது, அதன் பொறுப்புக்கு எல்லை இல்லாமையால், ஏறத்தாழ 1,800 பங்குதாரர்களில் மிகப் பெரும்பாலோர் சொத்தனைத்தையும் இழந்து திவாலாயினர். வங்கியை நடத்திய டைரக்டர்கள் செய்த மோசடிக்கு, அதில் யாதொரு கையும் இல்லாத சிறு பங்குதாரர்கள் தண்டம் இறுத்தனர். நம் சென்னையின் அனுபவமோ வேறு வகையானது. ஆர்பத்நாட் கம்பெனி என்பது பெயரளவில் கம்பெனி. சட்டத்தின் பார்வையில் அது கூட்டு வியாபாரம். கூட்டாளிகளின் பொறுப்புக்கு எல்லையே கிடையாது. அந்நம்பிக்கையில் ஜமீன்தார்களும், வக்கீல்களும், பென்ஷன் வாங்கி ஓய்ந்த உத்தியோகஸ்தர்களும், கைம்பெண்களும் தம் பணத்தை அங்கே வைத்திருந்தனர். 1906 அக்டோபர் 22-ஆம் நாள் அது கதவை மூடியது. கூட்டாளிகளின் முழுச் சொத்தும் பொறுப்பு என்று சட்டம் சொன்னது. ஆனால் சொத்துதான் ஊக வணிகத்தில் கரைந்துவிட்டதே! லண்டனில் இருந்த கூட்டாளி தற்கொலை செய்துகொண்டார். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைத் தண்டனை பெற்றார். பணம் வைத்தவர்கள் கையில் வந்தது சொற்பமே. எல்லையற்ற பொறுப்பு என்பது வெறுங்கைக்கு முன் வெறுஞ்சொல் ஆகிவிடுகிறது.

அந்த முறிவின் பின்னரே சென்னையில் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முனைந்து 1907-இல் இந்தியன் பாங்கைத் தொடங்கினர். அது வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனி. முழுப் பொறுப்பு ஏற்றவர்களிடம் ஏமாந்த ஊர், அளவிட்ட பொறுப்பு ஏற்றவர்களிடம் தன் பணத்தை ஒப்படைத்தது! ஆர்பத்நாட் கதவடைத்த அதே 1906 அக்டோபரில்தான் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கமும் பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒவ்வொன்றும் 25 ரூபாயாக 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ. உ. சிதம்பரம் பிள்ளை அதன் உயிர். 25 ரூபாயோடு தம் பொறுப்பு தீரும் என்ற உறுதி இல்லாவிடில், ஒரு பேரரசின் ஆதரவு பெற்ற கப்பல் கம்பெனியை எதிர்த்து நடுத்தரக் குடும்பத்தார் பங்கு வாங்கியிருப்பார்களா? வாங்கியிருக்க மாட்டார்கள் என்றே நாம் நினைக்கிறோம். அந்நிய ஆட்சியார் தம் வணிகர்களுக்காகக் கொண்டுவந்த சட்டம் அவர்களை எதிர்க்கும் கருவியாகவும் பயன்பட்டது. 1908-இல் சிதம்பரனார் சிறை சென்றார். 1911-இல் சங்கம் கலைந்தது. பங்குதாரர்கள் இழந்தது பங்குத் தொகையை. சிதம்பரனார் இழந்ததற்கு எந்தச் சட்டமும் எல்லை வகுக்கவில்லை.

கம்பெனி என்பது அதன் பங்குதாரர்களினின்றும் வேறான ஒரு தனி நபர் என்ற கோட்பாட்டை நிலைநாட்டியது 1896 நவம்பரில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்த்த சாலமன் வழக்கு என்று பாட நூல்கள் கூறும். லண்டனில் தோல் பாதரட்சை வியாபாரம் செய்த சாலமன், தம் வியாபாரத்தைத் தாமே அமைத்த கம்பெனிக்கு விற்றார். 20,007 பங்குகளில் 20,001 பங்குகள் அவருடையவை. எஞ்சிய ஆறும் குடும்பத்தாருடையவை. விலையில் ஒரு பகுதிக்குக் கம்பெனியின் சொத்தை ஈடாகக் கொண்ட கடன் பத்திரங்களையும் பெற்றுக்கொண்டார். கம்பெனி நொடித்தது. ஈடில்லாமல் சரக்குக் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. “சாலமன் வேறு, சாலமன் கம்பெனி வேறு” என்று சபை தீர்ப்பளித்தது.

ஆனால் இதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1886-இல், கல்கத்தா ஐகோர்ட்டு இதே கொள்கையை உரைத்திருந்தது. எட்டுப் பேர் தமக்கு உரிமையான ஓர் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தைக் கொண்டோலி டீ கம்பெனிக்கு மாற்றி எழுதினர். கம்பெனியின் பங்குதாரர்களும் அவர்களே. “எங்கள் சொத்தை நாங்கள் எங்களுக்கே மாற்றிக்கொள்கிறோம், விற்பனைக்குரிய முத்திரைத் தீர்வை எதற்கு?” என்று வாதித்தனர். கோர்ட்டு ஏற்கவில்லை. கம்பெனி தனி நபர். வேற்று மனிதருக்கு விற்றால் எவ்வளவு தீர்வையோ அவ்வளவும் கட்டுக என்றது. சாலமனுக்கு இலாபமாக முடிந்த கோட்பாடு இங்கே தோட்டக்காரர்களுக்கு நஷ்டமாக முடிந்தது.

1955-இல் நம் சுப்ரீம் கோர்ட்டுக்கும் ஒரு தேயிலை வழக்கு வந்தது. தேயிலைக் கம்பெனியின் வருமானத்தில் நூற்றுக்கு அறுபது விவசாய வருமானமாகக் கருதப்பட்டு மத்திய வருமான வரியிலிருந்து நீங்கும். கஸ்தர் என்ற அம்மையார், தமக்கு வந்த டிவிடெண்டிலும் அதே அறுபது பங்குக்கு விலக்கு வேண்டினார். கோர்ட்டு மறுத்தது. பங்குதாரர் தோட்டத்தின் உரிமையாளர் அல்லர். அவருக்கு உள்ளது இலாபத்தில் பங்கு பெறும் உரிமையும், கம்பெனி கலையும்போது எஞ்சியதில் பாகமும் மட்டுமே. பங்கு வாங்கியவர் கம்பெனியின் ஒரு செங்கல்லைக்கூடத் தன்னுடையது என்று சொல்ல முடியாது. பொறுப்புக்கு எல்லை கட்டிய சட்டம் உரிமைக்கும் எல்லை கட்டிவிட்டது.

இந்தத் தனி நபர் என்ற திரையைச் சிலர் முகமூடியாகவும் அணிந்தனர். பம்பாயில் ஒரு பெருஞ்செல்வரான பாரோனெட், நான்கு தனியார் கம்பெனிகளை அமைத்துத் தமக்கு வரும் டிவிடெண்டையும் வட்டியையும் அவற்றின் கணக்கில் ஏற்றினார். பின் அதே தொகையைக் கடன் என்ற பெயரில் தாமே பெற்றுக்கொண்டார். கடனுக்கு வருமான வரி இல்லை அல்லவா? 1927-இல் பம்பாய் ஐகோர்ட்டு திரையை விலக்கிப் பார்த்தது. அக்கம்பெனிகள் அவரேயன்றி வேறில்லை என்று கண்டு வரி விதிப்பை உறுதிப்படுத்தியது. திரையை எப்பொழுது மதிப்பது, எப்பொழுது விலக்குவது என்பதில் கோர்ட்டுகள் அன்றுமுதல் இன்றுவரை ஒரே சீரான விதியைக் கண்டுவிட்டன என்று சொல்வதற்கில்லை.

இனிக் கல்கத்தாவுக்குச் செல்வோம். கிளைவ் தெரு என்று வழங்கிய இடத்தைச் சுற்றி இருந்த ஆபீசுகளில் நம்மவர் பலர் குமாஸ்தாக்களாகவும் ஸ்டெனோகிராபர்களாகவும் தட்டெழுத்துப் பொறியின் முன் அமர்ந்து வாழ்நாளைக் கழித்தனர். அங்கே ஆண்டது மானேஜிங் ஏஜண்டு முறை. துவாரகநாத் தாகூரின் கார், தாகூர் அண்டு கம்பெனி 1836-இல் நீராவி இழுபடகுச் சங்கத்தை நிர்வகித்ததை இதன் தொடக்கமாகக் கொள்வர். ஒரு நிறுவனம், பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் கூட்டு வியாபாரம், சணல் ஆலை, நிலக்கரிச் சுரங்கம், தேயிலைத் தோட்டம் எனப் பல கம்பெனிகளைத் தோற்றுவிக்கும். மூலதனம் பொதுமக்களுடையது, நிர்வாகம் நீண்ட கால ஒப்பந்தப்படி ஏஜண்டுடையது. கூலி கமிஷனாக வரும். பம்பாய் ஆலைகளில் ஒரு ராத்தல் நூலுக்குக் காலணா என்று கமிஷன் பெற்ற காலம் ஒன்று இருந்தது. ஆலைக்கு இலாபமோ நஷ்டமோ, நூல் நூற்கப்படும் வரை கமிஷனும் ஓடும். நஷ்டம் பங்குதாரருக்கு, கமிஷன் ஏஜண்டுக்கு. தொழில் தொடங்கத் துணிவோர் அரிதாக இருந்த காலத்தில் அவர்களே பணமும் அனுபவமும் தந்து தொழில்களை வளர்த்தனர் என்பதையும் மறுக்கக் கூடாது. எனினும் அந்த நன்றிக்கடனுக்கு நாடு கொடுத்த வட்டி அதிகம்.

1936-ஆம் ஆண்டுத் திருத்தம் ஏஜண்டுகளின் பதவிக் காலத்தை ஒரு தடவைக்கு 20 ஆண்டுகள் என்று வரையறுத்தது. விடுதலைக்குப் பின் 1950-இல் சி. எச். பாபா தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1952-இல் அறிக்கை தந்தது. அதன் மேல் எழுந்ததே 1956 ஏப்ரல் முதல் நாள் அமலுக்கு வந்த கம்பெனிச் சட்டம். 658 பிரிவுகள் கொண்ட அச்சட்டத்தை நீளம் என்று பழித்தவர்கள் உண்டு. ஏமாற்ற வல்லவன் கண்டுபிடித்த வழி ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு வைக்க முயன்றால் நீளாமல் என்ன செய்யும்? 1960 ஆகஸ்டு 15-க்குப் பின் ஓர் ஏஜண்டு பத்துக் கம்பெனிகளுக்கு மேல் நிர்வகிக்கலாகாது என்றும், ஊதியம் நிகர இலாபத்தில் நூற்றுக்குப் பத்தை மிஞ்சலாகாது என்றும் அது விதித்தது. 1970 ஏப்ரல் 3-ஆம் நாள் அம்முறையே அடியோடு நீங்கியது.

சட்டம் வந்த மறு ஆண்டே ஒரு சோதனை வந்தது. ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பொரேஷன் ஹரிதாஸ் முந்திரா என்பவருடைய ஆறு கம்பெனிகளில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாயை இட்டதை 1957 டிசம்பரில் பிரோஸ் காந்தி பார்லிமெண்டில் எழுப்பினார். நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரணை நடத்தினார். நிதி மந்திரியாக இருந்த நம் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். பங்குதாரர்களின் பணத்தை ஏஜண்டு ஆண்டது போய், பாலிஸிதாரர்களின் பணத்தைச் சர்க்கார் ஸ்தாபனம் ஆளும் காலம் வந்திருந்தது. பிறர் பணத்தை ஆள்பவனைக் கண்காணிக்க வேண்டிய தொல்லை மட்டும் மாறவில்லை.

இதுவரை பங்குதாரர், கடன் கொடுத்தோர், நிர்வாகி என்ற மூவரையே பேசினோம். தொழிலாளி எங்கே? கம்பெனி கலையும்போது ஈடு பெற்ற வங்கி முதலில் சொத்தை எடுத்துக்கொள்ளும். இருபது ஆண்டு உழைத்தவன் வரிசையில் பின்னால் நிற்பான். கம்பெனியைக் கலைக்கலாமா கூடாதா என்ற விசாரணையில் வாய் திறக்கவும் அவனுக்கு உரிமை இல்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. சென்னை ஐகோர்ட்டிலிருந்து மேலே சென்ற ஒரு வழக்கில்தான் இந்நிலை மாறியது. 1982 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளில் மூவர், தொழிலாளர்களையும் கேட்டாக வேண்டும் என்று தீர்ப்பளித்தனர். கம்பெனி என்பது பங்குதாரர்களின் உடைமை மாத்திரம் அன்று என்பது அவர்கள் கண்ட நியாயம். பம்பாயில் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த ஆண்டு அது. அதன் பின் பல ஆலைகள் திறக்கவேயில்லை. 1985-ஆம் ஆண்டுத் திருத்தம், தொழிலாளருக்குச் சேர வேண்டிய தொகையை ஈடு பெற்ற கடனோடு சமமாக வைத்தது.

1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு போபாலில் நச்சு வாயு பரவியது. ஆலை இந்தியக் கம்பெனியுடையது. அதன் பங்குகளில் 50.9 சதவிகிதம் அமெரிக்காவிலிருந்த யூனியன் கார்பைடு கம்பெனியுடையது. தாய்க் கம்பெனி, தான் பங்குதாரர் மட்டுமே என்று வாதித்தது. சாலமன் வழக்கில் ஒரு செருப்பு வியாபாரியைக் காத்த கோட்பாடு, கடல் கடந்த ஒரு பெருநிறுவனத்தின் கேடயமாக நின்றது. 1988-இல் மத்தியப் பிரதேச ஐகோர்ட்டு திரையை விலக்கி, இடைக்கால நஷ்ட ஈடாக 250 கோடி ரூபாய் தரவேண்டும் என்றது. ஆனால் அக்கேள்வி இறுதியாகத் தீர்க்கப்படவில்லை. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. திரை எவ்வளவு தூரம் விலகும் என்பதை அறிய நாட்டிற்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு அதனால் நழுவியது என்பது நம் எண்ணம்.

பின் வந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2008-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை என்னும் புது அமைப்பைக் கொணர்ந்தது. ஆடிட்டர்களும் வக்கீல்களும் கூட்டாளியின் தவற்றுக்குத் தம் வீட்டை இழக்கும் அச்சமின்றிச் சேர்ந்து தொழில் செய்யலாம் என்றாயிற்று. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், ஒரே ஒருவர் மட்டும் உறுப்பினராக இருக்கும் கம்பெனியையும் அனுமதித்தது. சாலமன் அறுவரைச் சேர்க்கப் பட்ட பாடு இனி யாருக்கும் இல்லை.

ஊர் விட்டு வந்து தொழில் தொடங்கும் நம்மவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘பிரைவேட் லிமிடெட்’ என்று பதிவு செய்துவிட்டால் வீடு தப்பும் என்று எண்ணுகிறோம். வங்கி கடன் கொடுக்கும்போது டைரக்டரிடம் தனி ஜாமீனாகவும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்கிறது. அந்தக் கையெழுத்தின் அளவுக்குச் சட்டம் தந்த எல்லை போய்விடுகிறது. கம்பெனியின் கடன் திவால் நடவடிக்கையில் தீர்க்கப்பட்டாலும் ஜாமீன் கொடுத்தவரின் பொறுப்பு தானாக நீங்காது என்று 2021 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக்கிற்று.

2016-இல் வந்த திவால் சட்டம் கலைந்த கம்பெனியின் சொத்தைப் பங்கிடும் வரிசையை வகுத்தது. நடவடிக்கைச் செலவு முதலில். அடுத்து, தம் ஈட்டை ஒப்படைத்த கடன்காரர்களோடு சமமாக, தொழிலாளரின் 24 மாதப் பாக்கி. அதன் பின் ஏனைய ஊழியர்களின் 12 மாதச் சம்பளம். எல்லாருக்கும் பின்னால் சாதாரணப் பங்குதாரர். தொழிலாளரின் பிராவிடெண்டு பண்டு இந்தச் சொத்தில் சேராது. அது தனியே அவர்களுக்கே உரியது. இவ்வரிசையில் முதலில் இடம் பெறாமல் விடப்பட்டவர்கள், கட்டி முடியாத அடுக்குமாடி வீடுகளுக்கு முன்பணம் கட்டியவர்கள். நொய்டாவிலும் குருகிராமத்திலும் மும்பையின் புறநகர்களிலும் வங்கிக் கடன் பெற்று வீட்டுக்குப் பணம் கட்டியவர்களில் நம்மவர்களும் இருந்தனர். கட்டும் கம்பெனி நொடித்தால் அவர்கள் கடன் கொடுத்தவர்களா, சரக்குக்கு முன்பணம் தந்தவர்களா என்பதே தெளிவாக இல்லை. 2018 ஜூனில் அவசரச் சட்டமும், பின்னர் பார்லிமெண்டின் திருத்தமும் அவர்களை நிதிக் கடன் கொடுத்தோராக ஏற்று, வங்கிகளோடு ஒரே குழுவில் உட்கார்ந்து வாக்களிக்க இடம் தந்தன. கட்டும் கம்பெனிகள் எதிர்த்தன. 2019 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு திருத்தத்தை நிலைநிறுத்தியது. ஆயினும் தனியொருவராக நடவடிக்கை தொடங்க இயலாது. ஒரே திட்டத்தில் வீடு ஒதுக்கப் பெற்றவர்களில் குறைந்தது 100 பேரோ, பத்தில் ஒரு பங்கினரோ, இவ்விரண்டில் எது குறைவோ அத்தனை பேர் சேர்ந்தே செல்ல வேண்டும் என்ற நிபந்தனை அடுத்து வந்தது. 2021 ஜனவரியில் அதுவும் கோர்ட்டில் நிலைத்தது.